பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது கடலில் முங்கலாம்?

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், பாசி எடுக்கும் குழுக்களுக்காகச் சுகாதார உபகுழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்கள்: "எனக்குப் பித்தப்பையை எடுத்து இருபது நாள் ஆச்சு. வலி இல்ல. அமாவாசைக்குக் கடலுக்குப் போகலாமா?" பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் "தாராளமா போ" என்றார். இன்னொருவர் "ஒரு வருசம் தண்ணியிலயே கால் வைக்காத" என்றார். கடைசியில் அந்த அக்கா குழம்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இதைப் பற்றி விசாரித்து வந்து சொல்கிறோம் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டோம். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. "பித்தம் கூடிப்போச்சு, தலை சுத்துது" என்று நாம் சொல்வது வேறு, பித்தப்பை வேறு. கல்லீரலுக்கு அடியில், வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, சின்னக் கத்திரிக்காய் அளவில் ஒரு பை இருக்கிறது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேர்த்து வைத்து, நாம் எண்ணெய், கொழுப்பு சாப்பிடும்போது குடலுக்குள் பிழிந்து விடுவது இந்தப் பை. அதற்குள் கல் உண்டாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். பிள்ளை பெற்றவர்களுக்கும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் இன்னும் கூடுதல். மேல் வயிற்றில் வலது பக்கம் பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் வலி ஏறும், வாந்தி வரும். நம்மில் பலர் இதை 'கேஸ்' என்று சோடா குடித்தே வருசக்கணக்கில் ஓட்டுகிறோம். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையும் என்பார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வதைக் கொண்டுவந்து இதற்கும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கல். பித்தப்பைக் கல் வாழைத்தண்டுக்குக் கரையாது.

அடிக்கடி வலி வந்தால் பையையே எடுத்துவிடுவார்கள். எடுத்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், அது நேராகக் குடலுக்குப் போய்விடும்.

இப்போது பெரும்பாலும் துளை போட்டுத்தான் எடுக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி என்று சொல்வது அதைத்தான். வழக்கமாக நாலு துளை. தொப்புள் பக்கம் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, இந்த இரண்டும் சற்றுப் பெரிசு, ஒரு சென்டிமீட்டர் அளவு. வலது விலாவுக்குக் கீழே இன்னும் இரண்டு, அவை அரை சென்டிமீட்டர். வயிற்றுக்குள் கரியமில வாயுவை அடைத்து, உப்ப வைத்து, கேமரா விட்டுப் பார்த்து எடுப்பார்கள். ரெண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிக்கல் இருந்தால் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து எடுப்பதும் உண்டு. அதற்கு எல்லாக் கணக்கும் கூடும்.

நம்ம பெண்கள் எங்களிடம் கேட்ட பயங்களை முதலில் தீர்த்துவிடுகிறோம். "வயித்துக்குள்ள காத்து அடிச்சாங்களே, முங்கினா அழுத்தத்துல வெடிச்சுருமா?" வெடிக்காது. அடைத்த வாயுவை முடிக்கும்போதே வெளியே விட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பதைச் சில நாளில் உடம்பு உறிஞ்சி, மூச்சில் வெளியே தள்ளிவிடும். ஆபரேஷன் முடிந்த ரெண்டு மூணு நாள் தோள்பட்டை வலிக்கிறதே, அது அந்த வாயுவால்தான். "உள்ள கிளிப்பு போட்டிருக்காங்களாம், உப்புத்தண்ணியில துருப்பிடிக்காதா?" கடல்தண்ணி வயிற்றுக்குள் போவதே இல்லை. கிளிப்பும் துருப்பிடிக்காத டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக்கில் செய்தது. "பித்தப்பை இல்லாம மூச்சுப் பிடிக்க முடியுமா?" மூச்சுக்கும் பித்தப்பைக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரின் அழுத்தம் காற்று இருக்கும் இடத்தில்தான் வேலை காட்டும். காது, மூக்கை ஒட்டிய எலும்புப் பொந்துகள், நுரையீரல் மாதிரி இடங்கள். பித்தப்பையில் காற்றே கிடையாது. பத்து மீட்டர் ஆழம் போனால்தான் அழுத்தம் இரண்டு மடங்காகும். நாம் முங்குவது ஒரு பாகம், ரெண்டு பாகம்.

அப்படியானால் பயமே இல்லையா? இருக்கிறது. ஆனால் எல்லாரும் தேடுகிற இடத்தில் இல்லை. பயம் தொப்புளில் இருக்கிறது.

தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். பார்த்தால் ஆறிப்போன மாதிரி இருக்கும், வலியும் இருக்காது. ஆனால் ஆறிய காயத்துக்குப் பழைய வலு உடனே வருவதில்லை. மூன்று வாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வலுதான் வரும். மூன்று மாதம் போனால் ஐந்தில் நாலு பங்கு வரை வரும். தோலுக்குக் கீழே வயிற்றை இழுத்துக் கட்டி வைத்திருக்கும் கெட்டியான சவ்வு இருக்கிறது. அது சரியாகக் கூடுவதற்குள் முக்கினால், பாரம் தூக்கினால், அந்த ஓட்டை வழியாகக் குடல் பிதுங்கி வெளியே தள்ளும். குடலிறக்கம் என்கிறோமே, அதுதான். டாக்டர்கள் ஹெர்னியா என்பார்கள். பெரிய துளை போட்ட தொப்புள் பக்கம்தான் இது பெரும்பாலும் வருகிறது.

இப்போது நம்ம வேலையை நினைத்துப் பாருங்கள். காலையில் படகில் ஏறும்போது கையை ஊன்றி வயிற்றை எக்கித்தான் ஏறுகிறோம். முங்கும்போது இடுப்பை மடித்துத் தலைகீழாகப் போகிறோம், வயிற்றுச் சதை முழுக்க இறுகும். பாசி பாறையில் பிடித்திருக்கும், மூச்சை அடக்கிக்கொண்டே இழுத்துப் பிய்க்கிறோம். மூச்சை அடக்கி இழுப்பதும், மலச்சிக்கலில் முக்குவதும் வயிற்றுக்கு ஒன்றுதான். வலைப்பையின் கயிற்றை எங்கே கட்டுகிறோம்? இடுப்பில், சரியாகத் தொப்புளுக்கு மேலேயும் கீழேயும். பை நிறைய நிறைய அந்தக் கயிறு இறுக்கிக்கொண்டே வரும். பாவாடை நாடா ஒரு பக்கம் அழுத்தும். கடைசியில் ஈரப்பாசிப் பையைப் படகுக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். தண்ணிக்குள் இருக்கும்வரை பாரம் தெரியாது. விளிம்பைத் தாண்டித் தூக்கும்போதுதான் முழுப் பாரமும் வயிற்றில் விழும். ஒரு நாளில் இதை எத்தனை தடவை செய்கிறோம் என்று யாரும் எண்ணியது கிடையாது.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம், பேர் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து பதினஞ்சாவது நாள். தவணை கட்ட வேண்டும், பௌர்ணமி ஓட்டம் நன்றாக இருந்தது, போய்விட்டார்கள். முதல் ரெண்டு நாள் ஒன்றும் இல்லை. மூணாம் நாள் பையைத் தூக்கும்போது தொப்புளில் ஏதோ 'பொத்'தென்று விட்ட மாதிரி இருந்ததாம். பிறகு இருமினால் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். அடுத்த வருசம் அதற்கு இன்னொரு ஆபரேஷன், உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். "வாழ்நாளெல்லாம் வலைப்பையோட இருந்தேன், இப்ப வயித்துக்குள்ளயும் வலையா?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்கு மூணு மாதம் கடலுக்குப் போகவில்லை. முதலில் மிச்சம் பிடித்தது மூணு நாள் கூலி.

அந்த அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தோம். "இலகுவான வீட்டு வேலைகள் செய்யலாம்" என்று எழுதியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியம் இல்லை, பல இடத்திலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் பெண் என்று நினைத்து எழுதுகிறார்கள். நாமும் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் "வீட்லதான் சார்" என்று சொல்லிவிடுகிறோம். சிலருக்கு வேறு பயமும் இருக்கிறது. தீவுப் பக்கம் தேசியப் பூங்கா என்று 1986ல் அறிவித்ததிலிருந்து, பாசி எடுக்கிறோம் என்று வெளியே சொல்லவே யோசிக்கிறோம். டாக்டரிடம் சொன்னால் ஃபாரஸ்ட்காரருக்குப் போய்விடுமோ என்று ஒரு தங்கச்சி கேட்டது. போகாது. நோயாளி சொல்வதை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. தெளிவாகச் சொல்லுங்கள்: "நான் கடல்ல மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்குறேன். இடுப்புல பை கட்டுவேன். பத்து கிலோவுக்கு மேல தூக்குவேன். எத்தனை வாரம் கழிச்சு போகலாம்? சீட்டுல எழுதிக் கொடுங்க." இவ்வளவு கேட்டால் எந்த டாக்டரும் பதினஞ்சு நாள் என்று சொல்ல மாட்டார்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள், ஸ்கூபா என்பார்கள். அவர்களுக்கும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. துளை போட்டு எடுத்து, வேறு சிக்கல் இல்லை என்றால், அவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது நாலு முதல் ஆறு வாரம். நீளமாகக் கிழித்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கும் ஆழம் பெரிய கவலை இல்லை, முதுகில் ஏற்றும் சிலிண்டரின் பாரமும் குடலிறக்கமும்தான் கவலை. அவர்கள் பொழுதுபோக்குக்கு ஒரு நாளில் ரெண்டு தடவை இறங்கி ஏறுவார்கள். நாம் காலையிலிருந்து மதியம் வரை முங்கி முங்கி எழுகிறோம். எனவே துளை ஆபரேஷன் என்றால் ஆறு வாரத்துக்கு முன்னால் கடல் வேலை வேண்டாம், கிழித்த ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் என்று நாங்கள் சொல்கிறோம். உங்கள் டாக்டர் இன்னும் கூடச் சொன்னால் அதையே கேளுங்கள்.

"முங்க மாட்டேன், சும்மா கரையில நின்னு கால் நனைக்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று. உப்புத்தண்ணி புண்ணை ஆற்றும் என்று நம் ஆத்தா காலத்திலிருந்து சொல்கிறோம். ஆபரேஷன் காயத்துக்கு அது சரி வராது. சுடவைத்த உப்புத்தண்ணி வேறு, கடல்தண்ணி வேறு. கடல்தண்ணியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நிறைய உண்டு. வெட்டுக்காயத்தில் புகுந்து சீழ் வைக்கக் கூடியவை அவற்றில் உண்டு. பார் கிழித்த காயம் எத்தனை நாள் ஆறாமல் கிடக்கும் என்று நமக்குத் தெரியாதா? தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, நாலு துளையும் நன்றாக மூடி, சொட்டு நீர்கூடக் கசியாமல் இருந்த பிறகுதான் இடுப்பளவுத் தண்ணிக்கே இறங்கலாம். சில பேருக்கு நன்றாக ஆறிய துளையில் ஒரு மாதம் கழித்துக் கட்டி மாதிரி வந்து நீர் கசியும். தானாகக் காயட்டும் என்று மஞ்சள் அப்பிக்கொண்டு இருக்காதீர்கள், ஆபரேஷன் செய்த இடத்திலேயே போய்க் காட்டுங்கள். அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம்.

ஆறு வாரம் முடிந்தது, டாக்டரும் சரி என்றார். உடனே முழு நாள் போக வேண்டாம். முதலில் கரையில் பாருங்கள். படுத்த இடத்திலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழ முடிகிறதா? தொப்புளில் கை வைத்து இருமும்போது வீக்கம் எதுவும் தட்டுப்படாமல் இருக்கிறதா? பிளாஸ்டிக் குடத்தில் அரைக்குடம் தண்ணி தூக்குங்கள். ரெண்டு நாள் கழித்து முக்கால் குடம். நிறைகுடம் என்றால் பத்து கிலோவுக்கு மேலே, அதை வலியில்லாமல் தூக்க முடிந்தால் வயிறு தயார். பிறகு முதல் நாள் கழுத்தளவுத் தண்ணியில் மட்டும். ரெண்டாம் நாள் ஆள் ஆழம், பாதி நேரம். பையை இடுப்பில் கட்டாமல் தோளில் குறுக்காகப் போடுங்கள், இல்லாவிட்டால் மிதவையில் கட்டிப் பக்கத்தில் விட்டுக்கொள்ளுங்கள். பையைப் படகில் ஏற்றும் வேலையை ஒரு மாதத்துக்கு வேறு ஆள் செய்யட்டும். தனியாக முங்கவே கூடாது, ஒரு கண் உங்கள் மேலேயே இருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறோம். பித்தப்பை எடுத்த பிறகு சில பேருக்கு, எண்ணெய்ப் பலகாரம், கறி சாப்பிட்டால் அவசரமாக வயிறு போகும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். வீட்டில் இருந்தால் சமாளிக்கலாம். ஆம்பளைங்களும் இருக்கிற படகில் மதியம் வரை என்ன செய்வது? இதற்குப் பயந்து பட்டினியாகவும் தண்ணி குடிக்காமலும் போகிறார்கள். அது இன்னும் மோசம், தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும், மூச்சு நிற்காது. முந்தின ராத்திரி எண்ணெய் குறைத்துச் சாப்பிடுங்கள். காலையில் ரெண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ போதும், தண்ணி குடியுங்கள். ரத்தம் குறைவாக இருந்தாலும் மூச்சு நிற்காது, அதனால் இறங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவைப் பார்த்துவிடுங்கள்.

காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் மஞ்சளாக இறங்குவது, வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போவது, தொப்புள் வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நிற்பது, இதில் எது வந்தாலும் கடலும் வேண்டாம், கை வைத்தியமும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ஏன் பதினஞ்சாம் நாள் போகிறார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நாம் எடுப்பதே மாதத்தில் 12 நாள்தான். கடலும் வாழ வேண்டும், நாமும் வாழ வேண்டும் என்று நம் பெண்களே பேசி வைத்த ஒழுங்கு அது. இந்த மாதிரி ஒழுங்குக்கு முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அந்த 12 நாளை ஆறு வாரத்துக்கு விட்டால் 18 நாள் வருமானம் போகும். அதைச் சும்மா "ஓய்வு எடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனசு வரவில்லை.

ஒரு வழி, காலத்தைப் பார்த்து ஆபரேஷன் செய்வது. மீன்பிடித் தடைக்காலம் 2017லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதை ஒட்டி நாமும் பாசி எடுப்பதை நிறுத்துகிறோம். கல் இருக்கிறது, எப்போதாவது லேசாக வலிக்கிறது, "அவசரம் இல்லை" என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றால், ஏப்ரல் தொடக்கத்தில் தேதி கேளுங்கள். கடலும் ஓய்வெடுக்கும், வயிறும் ஆறும். ஆனால் காய்ச்சல், மஞ்சள், விடாத வலி இருந்தால் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வலி வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். வலியோடு வருமானச் சான்றிதழுக்கு அலைய முடியாது.

இன்னொன்று குழுவின் கையில் இருக்கிறது. கொரியா நாட்டில் ஜேஜு என்று ஒரு தீவு. அங்கேயும் பெண்கள்தான் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் கடலில் முங்கிச் சங்கும் பாசியும் எடுக்கிறார்கள். ஹேன்யோ என்று பெயர், கடல் பெண்கள் என்று அர்த்தம். 2016ல் அவர்கள் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எண்பது வயதிலும் முங்குகிறவர்கள் உண்டு. அது எப்படி முடிகிறது என்று பார்த்தால், கரையோரம் ஆழம் குறைந்த இடத்தை வயதானவர்களுக்கென்று விட்டுவைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. அதற்கு 'பாட்டி கடல்' என்று பெயர். வலுவுள்ளவர்கள் ஆழத்துக்குப் போய்விடுவார்கள். கையில் பக்கத்தில் கிடைக்கிற பாசியை விட்டுவிட்டுப் போக எவ்வளவு மனசு வேண்டும் என்று நமக்குத்தான் தெரியும்.

நாமும் செய்யலாம். ஆபரேஷன் முடிந்து வரும் பெண்ணுக்கு முதல் மாதம் கரையோரப் பாசியை விடலாம். ஆறு வாரமும் வீட்டில் சும்மா இருக்கவும் தேவையில்லை. நாலாம் வாரத்திலிருந்து காய்ந்த பாசியில் மணலும் சங்குத் துண்டும் பொறுக்குவது, தரம் பிரிப்பது, எடைக்கணக்கு எழுதுவது, பாசி வளர்க்கிற இடத்தில் உட்கார்ந்து கயிற்றில் நாற்றுக் கட்டுவது, இதெல்லாம் வயிற்றைப் பிடிக்காத வேலை. மூட்டை தூக்கவும் மிதவை இழுக்கவும் மட்டும் விடக் கூடாது. அந்த வேலைக்கு ஒரு பங்கு போட்டுக் கொடுங்கள்.

தவணை விஷயத்தில், வங்கிக் கடனை நாம் தள்ளி வைக்க முடியாது, வட்டி ஏறும். ஆனால் உள்கடன் நம் பணம். டாக்டர் சீட்டைப் பார்த்து, ரெண்டு மாதத்துக்கு அசலை நிறுத்தி வட்டியை மட்டும் வாங்கலாம். கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போட வேண்டாம். வங்கித் தவணை வரும் மாதத்தில் அவர் பங்கைக் குழுவின் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, கடலுக்குத் திரும்பியதும் பிரித்து வாங்கலாம். "எல்லாரும் ஆபரேஷன்னு சீட்டு கொண்டு வருவாங்க" என்று ஒரு ஊக்குநர் சொன்னார்கள். சும்மா சொல்லிவிட்டு வயிற்றில் நாலு துளை போட்டுக்கொள்ள யாரும் வர மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

இந்த மூன்றையும், அதாவது கரையோரப் பாசி, கரை வேலைக்குப் பங்கு, ரெண்டு மாத அசல் நிறுத்தம், ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அவரவர் குழுவில் வைத்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். போன கூட்டத்தில் கேட்ட அக்காவுக்கு இன்றோடு ஏழாவது வாரம். சீட்டைக் காட்டினார்கள், டாக்டர் சரி என்று எழுதியிருக்கிறார். நிறைகுடம் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லையாம். இந்த ஓட்டத்துக்கு அவர்கள் எடைக்கணக்கு எழுதுகிறார்கள், அடுத்த ஓட்டத்துக்குக் கழுத்தளவுத் தண்ணியில் இறங்குகிறார்கள்.